புளிப்பு தெரிந்தவருக்கு ஷார்டனே

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால் முதலில் வருகிற கேள்வி, "இது ஏறுமா?" என்பதுதான். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. இருட்டு விலகும் முன்பே பால்மரக் காட்டுக்குள் இறங்கிய தலைமுறைக்கு மது என்பது உடம்பு வலியை மறக்க வந்தது. கொடுத்த காசுக்கு எவ்வளவு மயக்கம் என்பதே கணக்கு. அந்தக் கணக்கு எத்தனை வீடுகளைக் குலைத்தது என்பதும் நமக்குத் தெரியும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. போர் முடிந்த பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியலில் இறங்கினார்கள். எனவே குடிக்காதவரைக் குடிக்க அழைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கல்யாண விருந்திலோ தீபாவளிக் கூடலிலோ ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவர், ஈப்போ பேரங்காடியின் ஹலால் அல்லாத பகுதியில் வெள்ளை ஒயின் வரிசைக்கு முன்னால் நின்று விழிப்பவர், அவருக்காக எழுதுகிறேன்.

அந்த வரிசையில் அதிகம் கண்ணில் படும் பெயர் ஷார்டனே. அதன் ஒரு வகை பளிச்சென்று புளிக்கும். ஓக் மரப் பீப்பாயின் சாயல் மேலோட்டமாகத் தொட்டிருக்கும். வெண்ணெய் பூசியது போன்ற கனம் இருக்காது. முதல் முறை குடிப்பவர் பெரும்பாலும் "தண்ணியாக இருக்கிறது, புளிக்கிறது, இதற்கா இவ்வளவு வெள்ளி?" என்பார். புளிக்கிறது என்று சொன்னாரே, அங்கேதான் வழி திறக்கிறது. இந்த ஒயினிடம் கேட்க வேண்டிய கேள்வி "ஏறுமா" என்பதல்ல, "எப்படிப் புளிக்கிறது" என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி தமிழ் நாக்குக்குப் பிறவியிலேயே உண்டு.

திராட்சையில் உள்ள முதன்மையான அமிலத்தின் பெயர் டார்டாரிக். நாம் ரசத்துக்குக் கரைக்கும் புளியைப் புளிக்க வைப்பதும் அதே டார்டாரிக்தான். திராட்சையின் இரண்டாவது அமிலம் மாலிக். பச்சை ஆப்பிளைக் கடித்தவுடன் தாடையோரம் எச்சில் ஊறுகிறதே, அது மாலிக்கின் வேலை. மூன்றாவதாக லாக்டிக் என்று ஒன்று வரும். அது திராட்சையோடு பிறந்ததல்ல, ஒயின் உருவாகும்போது பாக்டீரியா செய்து தருவது. தயிரின் புளிப்பும் அதுவே. புளிக்குழம்பில் "புளி தூக்கல்" என்று முதல் வாயிலேயே கண்டுபிடிப்பவர்கள் நாம். மோர்க்குழம்பின் புளிப்பும் மீன் குழம்பின் புளிப்பும் வேறு வேறு என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை. ஒயின் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்க முயல்வதில் பாதி நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

கள் குடித்துப் பழகிய பெரியவர்களுக்கு இன்னும் நுட்பமாகத் தெரியும். தென்னம்பாளையிலிருந்து இறக்கிய கள் காலையில் இனிக்கும். வெயில் ஏற ஏறப் புளிக்கும். மறுநாள் வினிகராக மாறத் தொடங்கிவிடும். சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்ற, லாக்டிக் பாக்டீரியாவும் அசிட்டிக் பாக்டீரியாவும் பின்னாலேயே வந்து தங்கள் பங்குக்குப் புளிப்பேற்றுகின்றன. ஒயினிலும் முதல் இரண்டு ஆட்களும் உண்டு. அசிட்டிக் பாக்டீரியாவை மட்டும் காற்று படாமல் பார்த்து வெளியே நிறுத்திவிடுகிறார்கள். கள்ளில் ஒரு பகலுக்குள் முடிந்துவிடும் காரியம் ஒயினில் மாதக்கணக்கில் நிதானமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

ஷார்டனே என்பது ஒரு வெள்ளைத் திராட்சை வகை. பிரான்சின் பர்கண்டி வட்டாரம் அதன் பிறந்தகம். 1999இல் வெளியான மரபணு ஆய்வு அதன் பெற்றோர் யார் என்று காட்டியது: ஒருபக்கம் பினோ என்ற பெயர்பெற்ற திராட்சை, மறுபக்கம் கூவே பிளாங்க் என்ற, குடியானவர்கள் நட்டுவந்த, மேட்டுக்குடியினர் மதிக்காத திராட்சை. குலம் பார்ப்பவர்கள் கவனிக்கட்டும். இந்தக் கலப்பில் பிறந்த பிள்ளைக்கு ஒரு குணம் உண்டு. தனக்கென்று பலத்த வாசனை கிடையாது. மஸ்கட் திராட்சையை மூக்கில் வைத்தாலே பூ மணக்கும், ஷார்டனே அப்படியில்லை. விளைந்த இடத்தின் குளிரையும், பாக்டீரியாவின் வேலையையும், மரத்தின் சாயலையும் அப்படியே வெளிக்காட்டும். பழகத் தொடங்குபவருக்கு இது வசதி. ஒரே திராட்சையை வைத்துக்கொண்டே இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிடிக்கலாம்.

முதலில் குளிர். திராட்சை பழுக்கும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். வெயில் கடுமையான இடத்தில் பழம் தன் மாலிக் அமிலத்தைத் தானே மூச்சுக்குச் செலவழித்துவிடும். இனிப்பு மட்டும் மிஞ்சும். அந்த இனிப்பு ஆல்கஹாலாக மாறும்போது ஒயின் கனத்துப் போகும். குளிர்ந்த இடத்தில் மாலிக் தங்கும். பர்கண்டியின் வடகோடியில் உள்ள ஷாப்லி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 48 பாகை வடக்கே இருக்கிறது. சுங்கை சிப்புட் 5 பாகைக்குள். ஷாப்லியில் ஏப்ரல் மாதத்தில்கூட உறைபனி விழும். துளிர்த்த மொட்டுகளைக் காப்பாற்ற இரவில் கொடிகளுக்கிடையே பெரிய மெழுகுக் கலயங்களை ஏற்றிவைப்பார்கள். சிலர் தண்ணீரைத் தெளித்து மொட்டின்மேல் மெல்லிய பனிக்கட்டி உறை உண்டாக்குவார்கள். அந்த உறையே மொட்டைக் காக்கும். 2021 ஏப்ரலில் அடித்த உறைபனியில் இவ்வளவு செய்தும் பெருஞ்சேதம். இப்படிப்பட்ட இடத்தில் விளைந்த பழம் புளிக்காமல் என்ன செய்யும்?

குளிருக்கு வடக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ஆடிலேட் ஹில்ஸ் மலைப்பாங்கு. மார்னிங்டன் தீபகற்பத்தைக் கடல்காற்று குளிர்விக்கிறது. டாஸ்மேனியா தென்கோடித் தீவு. சிலி நாட்டின் காசாபிளாங்கா பள்ளத்தாக்கில் பசிபிக் பெருங்கடலின் குளிர்நீரோட்டம் காலைப் பனிமூட்டத்தை அனுப்புகிறது. நம் ஊர்க் கடைகளில் ஆஸ்திரேலிய, சிலி பாட்டில்கள்தான் பிரெஞ்சு பாட்டில்களைவிடச் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் இந்த இடப்பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்வது லாபம். ஷாப்லியின் மண்ணில் சிப்பிப் புதைபடிவங்கள் நிறைந்த சுண்ணாம்பு உண்டு. அந்தச் சிப்பிகளின் சுவை வேர்வழியாகக் கிளாஸுக்குள் ஏறுகிறது என்று விற்பனையாளர்கள் உருகி உருகிச் சொல்வார்கள். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம். வேர் உறிஞ்சுவது தண்ணீரையும் கரைந்த உப்புகளையும், சிப்பியை அல்ல.

அடுத்தது பாக்டீரியா. ஈஸ்ட் தன் வேலையை முடித்த பிறகு, ஓனோகாக்கஸ் ஓனி என்ற பாக்டீரியா ஒயினில் உள்ள மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும். ஒரு கிராம் மாலிக் போனால் ஏறக்குறைய 0.67 கிராம் லாக்டிக் வரும்; மிச்சம் கரியமில வாயுவாக வெளியேறும். பச்சை ஆப்பிள் போய்த் தயிர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பின் அளவும் குறைகிறது, குணமும் சாதுவாகிறது. இந்த மாற்றத்தின்போது டைஅசிட்டைல் என்ற பொருளும் பிறக்கும். வெண்ணெயின் வாசனைக்குக் காரணமான பொருள் இது. சோளப்பொரியில் வெண்ணெய் மணம் வரச் சேர்த்துவந்ததும் இதையே. "வெண்ணெய் ஷார்டனே" என்று சிலர் கொண்டாடுவதும் சிலர் முகம் சுளிப்பதும் இந்த ஒரு பொருளால்தான்.

இங்கே ஒரு தவறான சூத்திரம் உலவுகிறது. பாக்டீரியா வேலை செய்தால் வெண்ணெய், செய்யாவிட்டால் பளிச் என்பார்கள். அப்படியல்ல. ஷாப்லி ஒயின்களில் பெரும்பாலானவை இந்த மாற்றத்தைக் கடந்தே வருகின்றன. ஆனாலும் புளிப்பு பளிச்சென்று நிற்கிறது, ஏனென்றால் தொடக்கத்திலேயே அவ்வளவு அமிலம். தவிரவும், செத்த ஈஸ்ட் வண்டலோடு ஒயினைச் சில காலம் விட்டுவைத்தால் அந்த ஈஸ்டே டைஅசிட்டைலைத் தின்று தீர்த்துவிடும். வெப்பமான இடத்து உற்பத்தியாளர்களோ இருக்கும் கொஞ்சம் மாலிக்கையும் இழக்க விரும்பாமல், ஒயினைக் குளிர்வித்தோ கந்தக டைஆக்சைடு சேர்த்தோ பாக்டீரியாவைப் பாதியில் நிறுத்துவார்கள்.

மூன்றாவது மரம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் "லேசான ஓக்" என்ற சொல் பாட்டிலின் முதுகில் அச்சடிக்கப்பட்டிருந்தாலும் அது எதைக் குறிக்கிறது என்று எவரும் சொல்வதில்லை.

ஓக் பலகைகளை வளைத்துப் பீப்பாயாக்க நெருப்பு வேண்டும். வளைத்த பிறகு உட்புறத்தை மறுபடி தீயில் வாட்டுவார்கள். வாட்டிய மரத்திலிருந்து ஒயினுக்குள் பல வாசனைகள் இறங்கும். ஓக் லாக்டோன் தேங்காய் மணம் தரும். அமெரிக்க ஓக்கில் இது தூக்கலாக இருக்கும். வெனிலின், பெயரே சொல்கிறது. யூஜெனால், கிராம்பில் இருக்கும் அதே பொருள். குவாயகால், புகை மணம். இவற்றோடு நாக்கையும் ஈறையும் வறளச் செய்யும் டானினும் கொஞ்சம் சேரும். வாசனை ஒருபக்கம் இருக்க, பலகையின் வழியாகக் காற்று மிகமிக மெதுவாக உள்ளே கசியும். அது ஒயினின் கரடுமுரடைத் தணித்து வழுவழுப்பைக் கொடுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில் இது நடக்காது.

பர்கண்டியில் வழக்கமான பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும். கிட்டத்தட்ட 300 பாட்டில். பீப்பாய் சிறியதாக இருந்தால் ஒவ்வொரு லிட்டர் ஒயினும் தொடும் மரப்பரப்பு அதிகம். எனவே சாயலைக் குறைக்க விரும்புபவர் 500 லிட்டர் பீப்பாய்க்குப் போவார். அல்லது பழைய பீப்பாயை எடுப்பார். மூன்று நான்கு அறுவடைகளுக்குப் பிறகு மரத்தில் வாசனை ஏறக்குறைய தீர்ந்துவிடும், காற்றுக் கசிவு மட்டும் தொடரும். அல்லது பத்தில் ஒன்றிரண்டு பங்கை மட்டும் புதுப் பீப்பாயில் வைத்து, மற்றதை ஸ்டீல் தொட்டியில் செய்து, கடைசியில் கலப்பார். இத்தனையும் "லேசான ஓக்" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கம்.

புதியவர்களை வியக்க வைக்கும் ஒரு செய்தி உண்டு. பீப்பாயிலேயே நொதிக்க வைத்த ஒயின், தொட்டியில் நொதித்த பிறகு பீப்பாயில் ஊற்றி வைத்த ஒயினைவிட மரவாசனை குறைவாகவே காட்டும். நொதிக்கும் ஈஸ்ட், மரத்திலிருந்து வரும் வெனிலினைப் பிடித்து மணம் குறைந்த வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. ஆகவே பாட்டிலில் "பேரல் ஃபெர்மென்டட்" என்று கண்டால் பயந்து திரும்ப வைத்துவிடாதீர்கள். சந்தேகப்பட வேண்டியது, பீப்பாய் என்ற சொல்லே இல்லாமல் "ஓக்" என்று மட்டும் போட்டிருக்கும் மலிவான பாட்டிலை. மரச் சீவல்களைத் தொட்டிக்குள் ஊறப்போட்டு எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். சீவல் வாசனையைக் கொடுக்கும், ஆனால் பீப்பாயின் காற்றைத் தராது.

நல்ல கையில் லேசான ஓக் என்பது நாசி லெமாக் அரிசியில் முடிச்சுப் போட்டு இடும் பண்டான் இலை. அது இருப்பது தனியாகத் தெரியக்கூடாது. இல்லாமல் போனால் தெரிய வேண்டும். கிளாஸை மூக்கருகே கொண்டுபோன நொடியிலேயே "மரம்" என்று சொல்ல முடிந்தால் அது லேசல்ல. தேட வேண்டிய இடம் வேறு. ஒயின் நாக்கின் நடுவில் இருக்கும்போது ஒரு திண்மை தெரிகிறதா, விழுங்கிய பின் சுவை சட்டென்று அறுந்துபோகாமல் கொஞ்ச நேரம் தொடர்கிறதா, ஈறில் மெல்லிய வறட்சி தட்டுகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் மரம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

அப்படியென்றால் கனத்த ஷார்டனே எங்கிருந்து வந்தது? 1976 மே மாதம் பாரிசில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் ருசி பார்த்த போட்டியில், கலிபோர்னியாவின் ஷாட்டோ மாண்ட்டலீனா 1973 ஷார்டனே பர்கண்டி ஒயின்களை முந்தி முதலிடம் பிடித்தது. அதன் பிறகு உலகெங்கும் ஷார்டனே நடும் வேகம் கூடியது. 1980களிலும் 90களிலும் நன்றாகப் பழுத்த பழம், முழு வெண்ணெய், புது ஓக் என்பதே நாகரிகம். சலித்துப்போனவர்கள் "ஷார்டனே தவிர வேறு எதுவானாலும் சரி" என்று கிண்டலாகவே ஒரு கட்சி கட்டினார்கள். அந்தச் சலிப்பிலிருந்து திரும்பியதுதான் இன்றைய மெலிந்த பாணி. சில உற்பத்தியாளர்கள் மறுகோடிக்கே ஓடிவிட்டார்கள். பழுக்காத பழத்தைப் பறித்து எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி ஒன்றைச் செய்து தூய்மை என்கிறார்கள். அதற்கு நான் காசு கொடுக்க மாட்டேன். புளிப்புக்கு அடியில் பழம் இருக்க வேண்டும்: கொஞ்சம் தம்புன் பம்பளிமாசு, கொஞ்சம் வெள்ளைச் சதைப் பீச், காய்ப்பதத்தில் இருக்கும் கொய்யா. மெலிந்த பாணியில் சில பாட்டில்களைத் திறந்தவுடன் தீக்குச்சி உரசிய வாசனை வரும். கெட்டுப்போனதென்று கொட்டிவிட வேண்டாம். கந்தகச் சேர்மங்களால் வருவது. பலர் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். கிளாஸைச் சுழற்றினால் தணியும்.

இனி வீட்டில் பழகும் முறை. நான்கைந்து பேர் சேர்ந்து பங்கு போட்டு மூன்று பாட்டில் வாங்குங்கள்: ஓக் படாதது ஒன்று, லேசாகப் பட்டது ஒன்று, நன்றாக ஊறியது ஒன்று. ஒயினைத் திறப்பதற்கு முன் மேசையில் வேறு நான்கு சின்னக் கிண்ணங்கள் வர வேண்டும். ஒன்றில் நீர்க்கக் கரைத்த புளி. ஒன்றில் பச்சை ஆப்பிள் துண்டு. ஒன்றில் தயிரின் மேல் தெளிந்து நிற்கும் தண்ணீர். கடைசியில், கடுப்பாகப் போட்டு ஆறவைத்த, சர்க்கரை இல்லாத தே ஓ, அதாவது பால் சேராத தேநீர்.

புளித் தண்ணீரை ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்பிவிட்டுப் பாருங்கள். நாக்கின் இரு ஓரமும் இறுகும், எச்சில் மெல்ல ஊறும். ஆப்பிளில் அது வேகமாக, கூர்மையாக நடக்கும். தயிர்த் தண்ணீரில் புளிப்பு உருண்டையாக வந்து நாக்கின் நடுவில் உட்காரும். தே ஓவில் எச்சில் ஊறாது. கன்னத்தின் உட்புறம் நாக்கோடு ஒட்டிக்கொள்ளும். அது டானின். புளிப்பு வாயை நனைக்கும், டானின் உலர்த்தும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் ஒயினில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு மூன்று ஒயினையும் வரிசையாகக் குடித்தால், எந்தக் கிண்ணம் எந்தக் கிளாஸில் எட்டிப் பார்க்கிறது என்று நீங்களே சொல்வீர்கள். ஒயின் அகராதியில் வரும் அகேசியாப் பூ, ஹேசல் கொட்டை போன்ற பெயர்கள் இப்போதைக்குத் தேவையில்லை. பார்த்தறியாத பூவின் வாசனை வருகிறது என்று தலையாட்டுவது வெறும் மரியாதை.

நம் ஊர் வெப்பம் இந்த ஒயினுக்குப் பெரிய எதிரி. ஓக் இல்லாததை 8 முதல் 10 டிகிரி செல்சியஸிலும், லேசான ஓக் உள்ளதை 10 முதல் 12 டிகிரியிலும் குடிப்பது நல்லது. குளிர்ப்பெட்டி 4 டிகிரி. நேரே எடுத்து ஊற்றினால் வாசனை எழாது. புளிப்பும் கசப்பும் மட்டும் முன்னால் நிற்கும். பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும், 32 டிகிரி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஊற்றிய மறுகணமே வெளிப்புறம் வியர்த்து, நிறமே தெரியாதபடி மங்கிவிடும். துடைத்தாலும் திரும்ப வியர்க்கும். நிறைய ஊற்றினால் கடைசி வாய் வெதுவெதுப்பாகி, ஆல்கஹால் மூக்கில் ஏறும். ஐஸ் கட்டி போடுவது உங்கள் வீடு, உங்கள் இஷ்டம். ஆனால் புளிப்பின் கூர்மையைப் பழகுகிற நாளில் போட்டால் பழக ஒன்றும் இருக்காது.

சில சமயம் பாட்டிலின் அடியிலோ கார்க்கிலோ வெள்ளைப் படிகங்கள் ஒட்டியிருக்கும். சர்க்கரையா கண்ணாடித் தூளா என்று பதற வேண்டாம். குளிரில் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகப் படிவது அது. தீங்கில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்த ஒயின் தனியாகக் குடிப்பதைவிடச் சாப்பாட்டோடுதான் சிறக்கும், ஆனால் நம் சாப்பாட்டில் எல்லாவற்றோடும் அல்ல. உப்பும் எண்ணெயும் இதற்கு நண்பர்கள். மஞ்சளும் உப்பும் தடவி மொறுமொறுப்பாகப் பொரித்த கெம்போங் மீன் ஒரு துண்டு, பிறகு ஒரு மிடறு. எண்ணெய்ப் பிசுக்கை ஒயின் வழித்துக்கொண்டு போகும், அடுத்த துண்டு முதல் துண்டு போலவே ருசிக்கும். பொரித்த நெத்திலி, வறுத்த இறால், சூடான உளுந்து வடை, ஏன் தேன்குழல் முறுக்குக்கூட நன்றாகச் சேரும். சீனர் கடையில் இஞ்சி போட்டு ஆவியில் வேகவைக்கும் மீன், வெள்ளைக் கோழிச் சோறு இரண்டும் அருமை. தேங்காய்ப்பால் சேர்ந்த எதற்கும் ஓக் தொட்ட பாட்டிலே பொருந்தும். பாலின் கனத்துக்கு அந்தத் திண்மை ஈடுகொடுக்கும்.

சேராதது எது என்றால் வருத்தத்தோடு சொல்கிறேன், நம் புளி மீன் குழம்பு. சாப்பாடு ஒயினைவிடப் புளித்தால் ஒயின் உப்புச் சப்பில்லாமல் போய்விடும். ரசமும் அப்படித்தான். காரம் இன்னொரு சிக்கல். மிளகாயின் கேப்சைசினும் ஆல்கஹாலும் வாயில் வெப்பத்தை உணரும் ஒரே நரம்பு ஏற்பியைத்தான் தூண்டுகின்றன. சம்பாலைத் தின்றுவிட்டு 14 விழுக்காடு ஒயினைக் குடித்தால் எரிச்சல் அடங்காது, ஏறும். காரம் இருக்கும் மேசையில் 12, 12.5 விழுக்காட்டுப் பாட்டிலைத் தேர்ந்து, சம்பாலை ஓரமாகத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைக்க மனமில்லை என்றால் ஒயினைத் தள்ளிவையுங்கள், சம்பால்தான் முக்கியம்.

கடையில் நிற்கும்போது பாட்டிலின் முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்கத்து எண்களைப் பாருங்கள். ஆல்கஹால் 12.5, 13 என்றால் மெலிந்த பாணியாக இருக்க வாய்ப்பு. 14க்கு மேல் என்றால் வெயில் கண்ட பழம். ஷாப்லி, மாக்கோன் வில்லாஜ், பூயி-ஃபுயிசே என்று எழுதிய பிரெஞ்சு பாட்டில்களில் பெரும்பாலும் ஷார்டனே என்ற பெயரே இருக்காது. ஆனால் உள்ளே இருப்பது அதுதான். இவ்வகையில் எளிய பாட்டில்களை அறுவடை ஆண்டிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிடுவது உத்தமம். தென் அரைக்கோளத்தில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடக்கும். ஆகவே ஒரே ஆண்டு எண் போட்ட ஆஸ்திரேலிய ஒயின் பிரெஞ்சு ஒயினைவிட அரையாண்டு மூத்தது. குளிர்சாதனம் இல்லாத கடையில் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் வெயில் வாங்கும் பாட்டிலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஈப்போவில் வாங்கியதைக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு, வழியில் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கி, கோப்பிக்கடையில் பசியாறி வீடு சேர்வதும் அதே தண்டனைதான். பாட்டிலை வாங்குவது அன்றைய கடைசி வேலையாக இருக்கட்டும். திருகுமூடி போட்டதை மட்டமென்று நினைக்க வேண்டாம். நம் வெப்பத்தில் உலர்ந்து சுருங்கும் கார்க்கைவிட அது நம்பகமானது.

"ஏறுமா" என்று கேட்டவருக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். 5 விழுக்காடு உள்ள 320 மில்லி பீர் டின்னில் 16 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 13 விழுக்காட்டு ஷார்டனே 125 மில்லி ஊற்றினாலும் ஏறத்தாழ அதே 16தான். சின்னக் கிளாஸாகத் தெரிகிறதே என்று நான்கு கிளாஸ் குடித்தால் நான்கு டின் குடித்த கணக்கு. 2020 அக்டோபர் முதல் மலேசியாவில் வாகனம் ஓட்டுபவருக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். முன்பு 80 இருந்தது. கிளாஸைத் தொட்டுவிட்டுச் சாவியைத் தொடாமல் இருப்பதற்கு வீட்டில் குடிப்பதே வழி. மது வாங்கும் வயது 2017 டிசம்பர் முதல் 21. வீட்டுப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும் வேலை வேண்டாம். மலாய் நண்பர் வீட்டுக்கு வரும் நாளில் பாட்டிலும் அந்தக் கிளாஸ்களும் உள்ளே இருப்பது மரியாதை. இது நம் பட்டணத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மிஞ்சிய பாட்டிலை மூடிக் குளிர்ப்பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நாள் தாங்கும். லேசான ஓக் உள்ளது இரண்டாம் நாளில் முதல் நாளைவிட விரிந்து கொடுப்பதும் உண்டு. ஒரு வாய் ஒதுக்கி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு இறால் வதக்கும்போது அரைக் கோப்பை ஊற்றி வற்ற விடுங்கள். அந்தச் சட்டியில் புளி போட வேண்டாம்.